அளவு டேப்பும் அவநம்பிக்கையும்

மரவேலையில் டேப்பை நம்புவார்கள், அதைப் பிடித்திருக்கும் கையை நம்ப மாட்டார்கள்.

கணிதப் பட்டம் வாங்கிய கையோடு, பெங்களூரு மர்பி டவுனில் அலமாரி செய்யும் பட்டறையில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு அளவெடுக்க அனுப்பினார்கள். "உன் அளவால ஒரு பலகை வீணாச்சுன்னா திரும்ப போன்தாம்மா" என்றார் ஓனர். அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என்னைப் போலக் கூச்சப்படுகிறவர்களுக்குத் தெரியும்.

பாயிண்ட் அஞ்சு

அல்சூரிலிருந்து ஒரு அம்மா, 2.5 அடியில் ஷெல்ஃப் வேண்டும் என்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். முப்பது அங்குலத்தில் செய்து கொண்டுபோனோம். உள்ளே நுழையவில்லை. அவர் மனதில் இருந்தது இரண்டடி ஐந்து அங்குலம். அரையடி என்றால் ஆறு அங்குலம் என்று மெதுவாகச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் பையன் கணக்குல சென்டம். பாயிண்ட் அஞ்சுன்னா அஞ்சுன்னுதான் சொன்னான். உங்க கடையில மட்டும் எப்படி ஆறாகுது?"

ரம்பம் தின்ற பங்கு

வைட்ஃபீல்டிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரர், தன் பிளைவுட்டை அறுக்கும்போது நகராமல் பக்கத்திலேயே நின்றார். எட்டடி ஷீட், நான்கு துண்டு, தலா இரண்டடி என்பது அவர் கணக்கு. அளந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைந்தது. ரம்பத்துக்கும் தடிமன் உண்டு, அவ்வளவும் தூளாகப் போகும் என்று தரையைக் காட்டினேன். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "அப்போ இதையும் பையில போட்டுக் குடுங்க."

நிமிராத அலமாரி

அவரே அடுத்து அலமாரி கேட்டார். அறை உயரம் ஒன்பதடி. அலமாரி எட்டடி பத்து அங்குலம், ஆழம் இரண்டடி. படுக்கவைத்து ஒரே பெட்டியாகப் பூட்டினால் நிமிர்த்தும்போது இடிக்கும், இரண்டு பெட்டியாகச் செய்யலாம் என்றேன். துண்டுப் பலகையைத் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம். "ரெண்டு அங்குலம் கேப் இருக்கேம்மா, ஏன் பயப்படுறே?" என்றார் எங்கள் கார்பெண்டர் பாஷா பாய். ஒரே பெட்டி என்றே எழுதிக்கொண்டேன்.

சாஃப்ட்வேர்காரர் வீட்டில் பூட்டித் தூக்கினார்கள். மேல் மூலை சீலிங்கில் முட்டி, அலமாரி சாய்ந்தபடியே நின்றுவிட்டது. எல்லோரும் அளவெடுத்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓனர் அறை உயரத்தை அளந்தார், சரியாக இருந்தது. அலமாரியை மூலைக்கு மூலை அளந்தார். ஒன்பதடியைவிட அரை அங்குலத்துக்கும் மேல் அதிகம். கடைசியில் அதைக் குறுக்கே அறுத்துத்தான் நிறுத்தினோம். ஓனர் என்னிடம் வந்தார். "இனிமே எல்லா சைட்டுக்கும் நீயே போம்மா. பாய், நீங்க பின்னாடியே போய் அவ அளந்ததை ஒருதரம் அளந்துடுங்க."

பள்ளியில் படித்த கணக்கில் எல்லோருக்கும் மறக்காமல் நிற்பது, பக்கத்து பெஞ்சுக்காரர் போட்ட விடை தப்பாகத்தான் இருக்கும் என்பது மட்டுமே.