மதுரைக்குப் போக ஆள் இல்லை

சமஸ்தானம் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்த சமயம். புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். கடிதம் எழுதுவது, ரிஜிஸ்தர் பார்ப்பது போக இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. எங்களால் வைத்தியம் செய்ய முடியாத நோயாளிகளை மதுரைக்கோ திருச்சிக்கோ வேனில் அனுப்பும்போது, கூட யார் போவது என்று முடிவு செய்கிற வேலை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிடலாம். இதற்கு ஆள் பார்க்க முடியாது.

வேன், யுத்தத்தில் ஓடிக் களைத்த மிலிட்டரி வண்டி. டிரைவரும் பர்மாப் பக்கம் வண்டி ஓட்டியவர். அவர் எதற்கும் தயார். வண்டிதான் தயாராக இருக்காது. பின்னால் நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். ஆகவே நோயாளியோடு போகிறவருக்கு வைத்தியம் மட்டும் தெரிந்தால் போதாது, தோளில் பலமும் வேண்டும்.

நர்ஸ் இரண்டு பேர். ஒருவருக்கு வயதாகிவிட்டது. இன்னொருவர் வேனில் ஏறினாலே வாந்தி எடுப்பதாகச் சொல்வார். "உள்ள பெஞ்சு பக்கவாட்டுல இருக்கு சார், வயித்தப் பெரட்டுது" என்பார். நான் நம்பவில்லை. கம்பவுண்டரின் சங்கதி வேறு. அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தாய்வீடு கீரனூரில், திருச்சி ரோட்டின் மேலேயே. அதனால் அவர் கண்ணுக்கு எல்லா வியாதியும் திருச்சி வியாதியாகவே தெரிந்தது. மதுரை என்றால் அன்றைக்கு அவருக்கு வயிற்றுவலி. வார்டில் எடுபிடிக்கு இருந்த ஆள், குணமானவரைக் கடலோரம் மீமிசல் பக்கம் கொண்டுபோய் விடுவது என்றால் குதித்து ஏறுவார். ஒருமுறை அங்கே நோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பும்போது ஸ்ட்ரெச்சரில் இரண்டு கூடை மீனைப் படுக்க வைத்து, மேலே போர்வையும் போர்த்திக் கொண்டுவந்துவிட்டார். ஒரு வாரத்துக்கு வேனைப் பூனைகள் சுற்றிச் சுற்றி வந்தன. அதற்குப் பிறகு பெரிய டாக்டர் அவரை வேனில் ஏறவே விடவில்லை.

இவர்கள் எல்லாரையும் நான் மனத்துக்குள் சோம்பேறிகள் என்றே நினைத்து வந்தேன். மனத்துக்குள் நினைத்ததோடு விட்டிருக்கலாம். "சும்மா உக்காந்துட்டுப் போறதுக்கு என்ன கஷ்டம்?" என்று டாக்டர் காதில் விழும்படி இரண்டு மூன்று முறை சொல்லியும் வைத்தேன்.

திருமயத்துக்குப் பக்கத்து ஊர்ச் செட்டியார் ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல ஆகிருதி. வீட்டில் ஏதோ விசேஷம், வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை ஓர் ஆடு தின்றிருக்கிறது. விரட்டப் போயிருக்கிறார். ஆடு வீட்டுக்குள் ஓட, இவரும் பின்னால் ஓட, கண்ணாடி மாதிரி வழவழக்கிற வீட்டுத் தரையில் ஆடு நின்றுவிட்டது, இவரால் நிற்க முடியவில்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் கட்டையைக் கொடுத்துக் கட்டிவிட்டு, "மதுரைக்குத்தான் போகணும், உடனே அனுப்புங்க" என்றார்.

நான் ஆள் தேடிப் புறப்பட்டேன். வயதான நர்ஸுக்குக் காய்ச்சல், லீவு. மற்றவர் பிரசவ வார்டில். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு வலி கண்டிருந்தது. கம்பவுண்டர் முறிந்த காலை உற்றுப் பார்த்து, "இந்தக் காலுக்குத் திருச்சிதான் சார் தோது" என்றார். மதுரை என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரிடம் போய் நின்றேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "சும்மா உக்காந்துட்டுப் போறதுதானே? நீங்களே போங்க" என்றார்.

நர்ஸ் பிரசவ வார்டு வாசலுக்கு வந்து அவசரமாகச் சொல்லிக்கொடுத்தார். "கட்டை அசையாமப் பிடிச்சுக்கங்க. கால் விரலை அப்பப்ப ஆட்டச் சொல்லுங்க. வெரல் நீலமாப் போனா கட்டு இறுக்கம்னு அர்த்தம், வழியில எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க காமிச்சிருங்க." நான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

வெளி நோயாளிகளில் திடமாக இருந்த நாலு பேர் தள்ள, வண்டி கிளம்பியது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் செட்டியார். பக்கவாட்டுப் பெஞ்சில் நானும், மடியில் தூக்குச்சட்டியோடு அவர் மனைவி ஆச்சியும். டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவில் தகரத் தடுப்பு.

ஒரு மைலுக்கு ஒருமுறை, "விரலை ஆட்டுங்க" என்றேன். அவர் ஆட்டினார். நமணசமுத்திரம் வருவதற்குள் பெட்ரோல் வாடையும் பினாயில் வாடையும் சேர்ந்து என் வயிற்றில் பம்பரம் விட்டன. பக்கவாட்டில் ஓடுகிற உலகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காகிதத்தைப் போட்டுவிட்டு நோயாளிக்காக வைத்திருந்த பேசினை எடுத்துக்கொண்டேன்.

"பாவம், பிள்ளைக்கு முடியலையே" என்றார் செட்டியார். "ஆச்சி, அந்த எலுமிச்சம்பழத்தைக் கொடு."

ஆச்சி பழத்தை என் மூக்கருகே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கட்டையையும் பிடித்துக்கொண்டாள். செட்டியார் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க கண்ண மூடிக்கங்க. விரலை நானே ஆட்டிக்கிறேன்" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டேன்.

திருமயத்தில் வண்டி நின்றுபோயிற்று. டிரைவர் இறங்கி வந்து, "தள்ளணும் சார். ஒருக்கா கெளம்பிருச்சுன்னா மதுரை வரைக்கும் நிறுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். பேசினோடு இறங்கி அதைக் காலி செய்துவிட்டு, ரோட்டில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த மூன்று பேரைக் கூப்பிட்டேன். நான் நாலாவது. ஆச்சியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். செட்டியார் படுத்தபடியே பின்கதவு வழியாக, "அங்கிட்டு ரெண்டு பேரு, இங்கிட்டு மூணு பேரு! ம்ம், சேந்து தள்ளுங்க!" என்று உத்தரவு போட்டார். அவர் குரலுக்கே வண்டி பயந்திருக்க வேண்டும். ஒரு குலுக்குக் குலுக்கிப் புகையைக் கக்கிக் கிளம்பியது.

கிளம்பியது நிற்கவில்லை.

"டிரைவரே! டிரைவரே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஆடிக்கொண்டிருந்த பின்கதவுக்குள் செட்டியாரின் முகம் சிறுத்துக்கொண்டே போயிற்று. அவர் தகரத்தை ஓங்கித் தட்டுவது கேட்டது. தட்டத் தட்ட வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று. டிரைவர் பிறகு விளக்கம் சொன்னார்: "ஐயா வலி பொறுக்கமாட்டாமத் தட்டுறாகன்னு நெனச்சேன் சார். வெரசாக் கொண்டுபோய்ச் சேத்துருவோம்னு மிதிச்சேன்."

நோயாளியைக் கவனிக்கப் போனவன் ரோட்டில் நிற்கிறேன், கையில் காலி பேசினோடு. அழுகையே வந்துவிட்டது. ஆச்சிதான் பேசினாள். "அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது. தூக்குச்சட்டி உள்ளதான் இருக்கு."

கால் மணி நேரத்தில் மதுரைப் பஸ் ஒன்று வந்தது. கையை நீட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். டிரைவருக்குப் பக்கத்திலேயே இருவருக்கும் இடம் கொடுத்தார். முன்னால் பார்த்து உட்கார்ந்ததும் என் வயிறு அடங்கிவிட்டது. அப்போதுதான் அந்த நர்ஸை நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

திருப்பத்தூருக்கு முன்னால் வேனைப் பிடித்தோம். பஸ் ஒட்டி வந்ததும் ஆச்சி ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினாள். வேன் டிரைவர் எங்களைப் பார்த்தார். தெரிந்தவர்களை வழியில் பார்த்த சந்தோஷத்தில் அவரும் கையை ஆட்டினார். அரை பர்லாங் தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வேகத்தைக் குறைத்தார், ஆனால் நிறுத்தவில்லை. "நிறுத்துனா மறுபடி தள்ளணும் சார்! ஓடிவந்து ஏறிக்கங்க!" என்று கத்தினார்.

கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார். பஸ் முழுவதும் ஜன்னலில் எட்டிப் பார்க்க, நானும் ஆச்சியும் ஓடினோம். ஆச்சி முதலில் ஏறிவிட்டாள். எனக்குக் கை கொடுத்து இழுத்தவளும் அவளே. செட்டியார் எந்தக் கோலத்தில் இருக்கிறாரோ என்று பதறிப்போய்ப் பார்த்தால், மனிதர் தலையணையில் சாய்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா? பயந்துட்டேன்" என்றார். "நாலு பணியாரம் மிச்சம் இருக்கு. விரலை ஆட்டிக்கிட்டேதான் இருக்கேன் தம்பி."

அதற்கு மேல் நான் பின்னால் உட்காரவில்லை. அடுத்த மேட்டில் வண்டி ஊர்ந்தபோது இறங்கி ஓடிப்போய் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்கட்டு முழுக்க ஆச்சியின் பொறுப்பு. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் வந்து, "கூட வந்த ஸ்டாஃப் யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி முன்னால் வந்தாள். "நாந்தாங்க. கட்டு அசையலை. வெரல் அஞ்சும் ஆடுது, நெறம் நல்லா இருக்கு. தண்ணி ரெண்டு தடவை, பணியாரம் ஒம்பது." அந்த நர்ஸ் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வாரமே ஆசாரியைக் கூப்பிட்டு, பெஞ்சைப் பிடுங்கி முன்பக்கம் பார்க்கிற நாற்காலியாகப் போட்டோம். தகரத் தடுப்பிலும் ஒரு ஜன்னல் வெட்டினோம். நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "பேசினைக் கழுவுனீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று நாலு மாதம் கழித்துச் செட்டியார் கைத்தடியோடு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தார், எங்களைப் பார்க்க. ஆச்சியும் வந்திருந்தாள். அவர் என்னை நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஆச்சி வார்டுக்குள் போய்விட்டாள். கால் கட்டோடு படுத்திருந்த ஒருவரின் அருகே நின்று, கட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கம்பவுண்டருக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் அவள் சொன்னபடியே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "வெள்ளிக்கிழமை மதுரைக்கு ஒரு கேஸ் இருக்கு. அந்தம்மாவுக்கு ஏதும் ஜோலி இருக்கான்னு மெதுவா விசாரிங்க" என்றார்.