நான்காவது செல்

முதுகுளத்தூர் வீரபாண்டியை வளைகுடாவின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் பேட்டரி பாண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட சைட்டில் அவனுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. ட்ரில் மெஷின் பேட்டரி சார்ஜ் ஏறாமல் போனால் ஸ்டோரில் ஒரு மூலையில் வீசிவிடுவார்கள். பாண்டி கேட்டு வாங்கி வருவான். உறையைப் பிரித்தால் உள்ளே விரல் நீளத்தில் பத்துச் செல்கள் இருக்கும். கெட்டுப்போனது அதில் ஒன்றோ இரண்டோதான். அதற்காக மொத்தத்தையும் குப்பையில் போடுவது அவனுக்குப் பொறுக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் துணி துவைத்துக்கொண்டும் ஊருக்குப் பேசிக்கொண்டும் இருக்க, அவன் வராந்தாவில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்துவிடுவான். சார்ஜரே ஏற்காத அளவு இறங்கிப்போன செல்லை, நல்ல செல் ஒன்றோடு வயர் வைத்துச் சில நொடி சேர்ப்பான். பிறகு சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவன் அறையில் மேல்கட்டில் ரெங்கராஜுக்கு. அரியலூர்க்காரர். இரண்டு வருடம் கழித்து லீவில் ஊருக்குப் போகிறார் என்றதும், பழைய நீலநிறப் பவர் பேங்க் கூடு ஒன்றில் நான்கு செல் வைத்துக் கொடுத்தான். மூன்று நல்லவை. நான்காவது, எழுப்புவதற்கு முன் மீட்டரில் வெறும் 0.6 வோல்ட் காட்டியது; நல்ல செல் மூன்றுக்கு மேல் காட்டும்.

"இது செத்தே போச்சுண்ணே. எழுப்பிட்டேன் பாத்தீயளா?" என்றான்.

ரெங்கராஜ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு மதியம். அதே பேட்டரியிலிருந்து எடுத்து, அதே மாதிரி எழுப்பி, சார்ஜ் ஏற்றி வைத்த இன்னொரு செல் அலமாரியில் சும்மா கிடந்தது. யாரும் தொடவில்லை. திடீரென்று சீறியது. அடுத்த நொடி தீ ஊதுபத்தி உயரத்துக்குப் பாய்ந்தது. வீரபாண்டி வெளியே ஓடி மணலை வாரி வந்து கொட்டினான். சுவரில் ஒரு கறுப்புத் தடம் விழுந்தது. கைவிரல் இரண்டு பொத்துப்போயின.

மறுநாள் சைட்டில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மானிடம் சொன்னான்.

"அவ்வளவு கீழ இறங்கினதை ஏன் தொட்டீங்க?" என்றார் அவர். "உள்ள செம்பு கரைஞ்சு ஊசி மாதிரி படிஞ்சிரும். அது எப்பக் குத்தி உள்ளயே ஷார்ட் ஆகும்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கும் குத்தலாம், ஒரு வருஷம் கழிச்சும் குத்தலாம்."

 வீரபாண்டி அங்கேயே நின்று ரெங்கராஜுக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். சாப்பாட்டு நேரத்தில் போட்டான். கம்பெனி பஸ்ஸில் போட்டான். சுவிட்ச் ஆஃப். ரெங்கராஜின் மகள் அருணா பத்தாவது படிக்கிறாள். அவள் தலைமாட்டில் அந்த நீல டப்பா கிடப்பதாகவே கண்ணை மூடினாலும் தெரிந்தது.

மூன்றாம் நாள் ரெங்கராஜே கூப்பிட்டார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

"அண்ணே, அந்தப் பவர் பேங்க்கை உடனே வெளிய தூக்கி வைங்க."

"அதுவாடா? அது எங்கிட்ட இல்லியே. திருச்சியிலேர்ந்து பஸ்ஸுல வந்தனா, பக்கத்துல கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு. போன் செத்துப்போச்சுன்னு அழுவுது. சொருவிக் குடுத்தேன். எறங்குறப்ப, நீயே வச்சுக்கம்மான்னுட்டேன்."

"யாருண்ணே அது? எங்க எறங்குச்சு?"

"லால்குடி தாண்டி ஒரு ஸ்டாப்பு. பேரெல்லாம் யாரு கேட்டா?"

வீரபாண்டி கெஞ்சியதால் ரெங்கராஜ் ஒருநாள் அந்தப் பக்கம் போய் இரண்டு டீக்கடைகளில் விசாரித்தார். குழந்தையோடு இறங்கும் பெண்கள் தினமும் நூறு பேர் என்றார்கள்.

அதன்பிறகு வீரபாண்டிக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே போனில் 'பவர் பேங்க் வெடித்து' என்று தேடுவான். செய்தி ஏதாவது வந்தால் முதலில் ஊர்ப்பெயர். பிறகு படத்தில் நீல நிறம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பான். இல்லையென்றால் டியூட்டிக்குப் போவான். செல் எழுப்புவதை நிறுத்திவிட்டான். கையில் இருந்ததையெல்லாம் பழைய பேட்டரி போடும் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மல்டிமீட்டர் மட்டும் கட்டிலடியில் கிடந்தது.

லீவு முடிந்து ரெங்கராஜ் அதிரசம் கொண்டுவந்தார். மாதங்கள் போயின. ஒருநாள் அவர், "என் போனு சார்ஜே நிக்க மாட்டேங்குது. அந்த மாதிரி இன்னொன்னு செஞ்சு குடேன்டா" என்றார்.  வீரபாண்டி சாயங்காலம் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவந்து அவர் கட்டிலில் வைத்தான்.

பிறகு கேட்டான்: "அண்ணே, அந்தக் கொழந்தை இப்ப நடக்க ஆரம்பிச்சிருக்கும்ல?"

ரெங்கராஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "எந்தக் கொழந்தைடா?" என்றார்.