முதலாளி மகனாக மூன்று வருடம்

கல்லூரியில் மூன்று வருடம் நான் முதலாளி மகன். யாரும் கொடுக்காமல் நானே வாங்கிக்கொண்ட பதவி அது.

அப்பா தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சட்டைப் பிரிவு சேல்ஸ்மேன். முதலாளிக்கும் எங்களுக்கும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். முதல் வருடம், அப்பாவுக்கு வார லீவு நாளில், நண்பர்கள் ஐந்து பேரோடு அங்கே சட்டை எடுக்கப் போயிருந்தேன். முதலாளி என்னைப் பார்த்து, "ஏலே, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பயல்களுக்கு அந்த ஒரு 'ஏலே' போதுமானதாக இருந்தது.

"மச்சி, உங்க கடையா? சொல்லவே இல்ல!"

மறுத்திருக்கலாம். பல்லைக் காட்டினேன். ஐந்து பேர் ஒரே நேரத்தில் மரியாதையாகப் பார்த்தது பிடித்திருந்தது.

அன்றிலிருந்து எவனுக்குப் பிறந்தநாள் வந்தாலும் பில் என் பக்கம்தான் நகரும். அரியர் கிளியரானால் ட்ரீட், புதுச் செருப்புக்கு ட்ரீட். கடைசி வருடம் ஆழ்வார்பேட்டையில் ஒருவனுடைய பிறந்தநாளில், அப்பா கொடுத்த பரீட்சைக் கட்டணம் முழுவதும் பீட்சாவாகப் போய்ச் சேர்ந்தது. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. கட்டுவதற்குக் கடைசித் தேதி வர இரண்டு வாரம்தான் இருந்தது. தீபாவளி நேரம் என்பதால், அனுபவத்துக்காக என்று அப்பாவிடம் புளுகிவிட்டு, அதே கடையில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் மாலை ஐவரும் வந்து நின்றார்கள்.

"ஓனரே, எங்களுக்கு இன்னா டிஸ்கவுன்ட்?"

பக்கத்தில் சட்டை மடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவரை அங்கே நிற்கவைத்துவிட்டு நான் முதலாளி வேஷம் போடுவதா? என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"டேய், நான் ஓனர் இல்ல. இவர்தான் எங்கப்பா, இங்க சேல்ஸ்மேன். பரீட்சை ஃபீஸை உங்களுக்கு வாங்கிக் குடுத்தே தீத்துட்டேன். அதுக்குத்தான் இங்க நிக்கிறேன்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபீஸ் கதைய வீட்ல பேசுவோம். பிள்ளைகளுக்குச் சட்டைய எடுத்துக் காட்டுலே."

காட்டினேன். ஏழு சட்டை விற்றேன், ஒரு பைசா தள்ளுபடி இல்லாமல். வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

கடைசித் தேதிக்கு முந்தின நாள், என் கூலியில் கட்டணம் கட்டிவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். பில் வந்ததும் பழக்க தோஷத்தில் கை பாக்கெட்டுக்குப் போனது. ஒருவன் தடுத்தான்.

"நைனா, மொத்தத்தையும் எடுக்காத. ஆறு பேரு கீறோம். உன் பங்கு நாப்பத்தஞ்சு ரூபா."

எடுத்து வைத்தேன். மூன்று வருடத்தில் எந்த பில்லையும் நான் அவ்வளவு கெத்தாகக் கொடுத்ததில்லை.