காய விடாத தோற்பை

மல்கிரேவ் என்ற புறநகரில் ஒரு பழைய மண்டபத்தில் வியாழன் மாலைகளில் பேக்பைப் என்ற தோற்பைக் குழல் வாத்தியத்தை ஊதிப் பழகுவார்கள். நானும் என் அறை நண்பனும் மரக்கறி பொதிசெய்யும் வேலை முடிந்து நடந்து வரும்போது அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

"ஆரோ ஆட்டை உயிரோடை உரிக்கிறாங்கள் மச்சான்" என்றான் அவன், முதல்முறை கேட்டபோது. அடுத்த கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அது 2011. உள்ளே ஐந்து பேர்தான் இருந்தார்கள். மூன்று பைப், இரண்டு மேளம். அவர்களுக்குத் தலைவி, பாடசாலை பஸ் ஓட்டும் ஒரு பெண்மணி. கதவில் ஒட்டியிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன்: பழக்குவது இலவசம், வாத்தியம் இரவல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நாங்கள் தங்கியிருந்த வீட்டில் எல்லோருக்கும் வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசிப்பவனும் நான்தான். நாங்கள் இருவரும் ஒரே படகில் வந்தவர்கள். தற்காலிக விசாவில், புகலிடக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

அவன் பைப்பை எடுத்தான். எனக்கு மூச்சுப் போதாதென்று மேளத்தைத் தந்தார்கள். குழுவின் சீருடையான கட்டம்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நடக்க நான் கூச்சப்பட்டேன். அவன் சிரித்தான்.

"வீட்டிலை சாரம், ரோட்டிலை பாவாடை. இதிலை என்னடா வெக்கம்? காத்து ஒண்டுதானே."

பைப்பின் தோற்பை ஒரு உயிருள்ள பொருள் மாதிரி. தினமும் ஊதாவிட்டால் காய்ந்து, தையலில் காற்றை விட்டுவிடும். அதைப் பதப்படுத்த உள்ளே ஊற்றுவதற்குக் களி மாதிரி ஒன்று தருவார்கள். அவனிடம் அது முடிந்துவிட்டது. தலைக்கும், கதவுப் பிணைச்சலுக்கும், செருப்புக்கும் தேங்காய் எண்ணெய் பூசி வளர்ந்தவன், பைக்குள்ளும் அதையே தாராளமாக ஊற்றினான். ஒரு குளிர்காலக் காலையில் ஊர்வலத்துக்குப் போய் நின்றால், எண்ணெய் மெழுகாக உறைந்து குழல் வாய்களை அடைத்திருந்தது. அவன் முகம் சிவக்க ஊதினான். பைப் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. தலைவி பையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"கேக் மாதிரி மணக்குதே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இளஞ்சூட்டு நீரில் எத்தனை தரம் கழுவியும் அந்த வாசம் போகவில்லை.

அவன் சிரிப்புக்காகவே ஆட்கள் வந்தார்கள் என்று நினைக்கிறேன். வேலையிடத்தில் இருந்த ஒரு மலேசியத் தமிழரைக் கூட்டிவந்தான். பிறகு ஒரு தாயும் மகளும்; மகள் மேளத்துக்கு. மூன்று பைப் ஆறாயின. போட்டியில் இறங்க ஆறு பேராவது ஊத வேண்டும். அவனையும் சேர்த்துத்தான் ஆறு. வரும் இலையுதிர்காலப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டோம் என்று தலைவி அறிவித்த அன்று, அவன் பாவாடையோடு மண்டபத்தைச் சுற்றி ஓடினான்.

அதற்குள் அவன் புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்டது. அந்தக் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன்; எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. மேன்முறையீடும் தோற்றது. பிறகு குடிவரவு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். முறைப்படி நடந்தால் முறைப்படி நடத்துவார்கள் என்று அப்போது நான் முழுதாக நம்பினேன். சட்டையை அயன் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவன் திரும்பி வரவில்லை. நகரின் வடக்கே இருக்கும் தடுப்பு முகாமிலிருந்து அன்று மாலை பேசினான்.

"பைப் எங்கை?"

"கட்டிலுக்குக் கீழை. நீ எப்பிடி இருக்கிறாய்?"

"அதை விடு. பையைக் காய விடாதை. ஒவ்வொரு நாளும் ஊது."

"எனக்கு ஊதத் தெரியாதேடா."

"தெரியாட்டிப் பழகு. என்ரை இடத்தைப் பிடிச்சு வை. பஸ்ஸிலை துண்டு போட்டு வைக்கிற மாதிரி. நான் வந்தவுடனை எழும்பு."

ஞாயிறுகளில் பார்க்கப் போனேன். வாத்தியம் எதையும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எனவே தண்ணீர்ப் போத்தலில் விரல் வைத்துப் பழக்கினான்.

"சின்ன விரலைத் தூக்காதை. விசரா, அது தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கிற கையில்லை."

எதிர்க் கதிரையில் இருந்த காவலாளி எங்களை விசித்திரமாகப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்ததால் அதிவேகப் பாதைக்குக் கீழே நின்று ஊதினேன். மேலே லொறிகள் போகும். என் பிழைகள் அந்த இரைச்சலில் போய்விடும். பை என் கக்கத்தில் சூடேறும்போது தேங்காய் வாசம் எழும்.

போட்டிக்கு முந்திய ஞாயிறு, முகாம் வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அவர் இங்கே இல்லை" என்றாள். எங்கே என்று சொல்லத் தனக்கு அனுமதியில்லை என்றாள். வாங்கிப் போன மிக்சர் பையோடு பஸ் தரிப்பிடத்தில் நெடுநேரம் இருந்தேன். இரண்டு நாள் கழித்து அவன் தங்கச்சி ஊரிலிருந்து தொலைபேசியில் எடுத்தாள்.

"அண்ணாவைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். இங்கை ஏயார்போட்டிலையே விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு போயிட்டினம். இன்னும் விடேல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமே?"

எனக்கு எதுவும் தெரியாது.

போட்டியில் அவன் இடத்தில் ஆறாவது பைப்பாக நான் நின்றேன். கடைசிக்கு முந்திய இடம் கிடைத்தது. படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வர, ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். 2013 முடியும்போது மண்டபத்தில் கதிரை போதவில்லை. பாதிப் பேர் அவனைக் கண்டதில்லை. தங்கச்சி பிறகும் இரண்டு தரம் எடுத்தாள், அதே கேள்வியோடு. பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

ஒரு வியாழன் தலைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். பைப்காரர் இப்போது நிறைய, மேளத்துக்குத்தான் ஆள் இல்லை, திரும்பி வருகிறாயா என்று கேட்டாள். புதிதாய் வந்த பெண்ணுக்கு நான் ஊதும் அவன் பைப்பைக் கொடுக்கலாம் என்றாள். தினமும் ஊதத் தேவையில்லாத செயற்கைப் பையாக மாற்றியும் தருவார்களாம். எல்லாம் என் நன்மைக்காகவே சொன்னாள். அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சுளித்தாள்.

"அதென்ன வாசம்?"

"எண்ணெய்" என்றேன்.

பிறகு தலைவியிடம், "இந்த இடத்துக்கு ஆள் இருக்கு" என்றேன். என் ஆங்கிலம் சரியாகத்தான் இருந்தது. அவள் அந்தப் பெண்ணைப் பின்வரிசைக்கு அனுப்பினாள்.

நான் பையைக் கக்கத்தில் இடுக்கி, ஊதினேன்.