ரப்பர் பாலுக்கு அடியில் ஒரு முகம்

என் அக்கா வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு படம் உண்டு. வீட்டு முற்றம், முற்றத்தில் ஒரு மாமரம், வாசலுக்கு ஏறும் கல்படி, அதற்கு மேல் பாதி திறந்த கதவு. மாமரத்து நிழல் படியில் ஏறி மடங்கி விழுவதுகூடச் சரியாக இருக்கும். கடைசிப் படியில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கிறது என்பது உருவத்தின் ஓரத்தை வைத்துத்தான் தெரியும். உருவத்துக்குள்ளே நிறம் கிடையாது. வண்ணம் படாமலிருக்கப் பூசிய ரப்பர் பால் அந்த இடத்தில் காய்ந்து, முதலில் தேன் நிறமாகி, பிறகு கடுங்காப்பி நிறமாகி, கடைசியில் கருப்பட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அந்தக் காலத்தில் நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். இன்னும் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்ப்பேன்.

அதை வரைந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மச்சான். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘மாஷ்’. எங்கள் பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டேதான் உழுவோம், விதைப்போம், மாங்காய்க்கு மருந்தடிப்போம். மழைக்காலத்தில் அந்த மலையில் வெள்ளைக் கோடு கோடாக அருவி இறங்கும். நான் அதைப் பார்த்து நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று நினைப்பேன். மச்சான் அதைக் காகிதத்தில் இறக்கிவிடுவார். வெளுப்புதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அருவி, வயலில் நிற்கிற கொக்கு, ஓட்டுக்கு மேல் விழுகிற வெயில். பார்க்கிறவர்கள் வெள்ளைச் சாயம் பூசியது என்று நினைப்பார்கள். நீர்வண்ணத்தில் வெள்ளைச் சாயம் கிடையாதாம். காகிதம்தான் வெள்ளை. அந்த இடத்தைத் தொடாமல் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

காப்பாற்றுவதற்குத்தான் ரப்பர் பால். கடையில் மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று சின்னக் குப்பியில் வரும். மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டம் இருக்கும்போது குப்பி எதற்கு என்று மச்சான் தோட்டத்துப் பாலையே வாங்கிவரச் செய்தார். கட்டியாகிப் போகாமலிருக்க அதில் அமோனியா விட வேண்டும். விடுகிறபோது கண்ணைக் குத்தும், மூக்கைப் பிய்க்கும். அந்த வேலை அக்காவுடையது. மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி போட்டு, பழைய தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து எடுத்துக் கொடுப்பாள். அவர் கொக்கின் மேல், அருவியின் மேல் அதைப் பூசிக் காயவைத்து, அதற்கு மேலேயே பயமில்லாமல் வண்ணத்தை ஓட்டுவார். வண்ணம் காய்ந்ததும் விரல்நுனியால் தேய்த்து ரப்பரை உருட்டி எடுக்க வேண்டும். அதுவும் அக்காதான். அழுத்தினால் காகிதம் கிழியும், மெல்லத் தொட்டால் வராது. அவள் விரலுக்கு அந்த அளவு தெரியும். ஆனால் ரப்பர் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால், அதுவும் எங்கள் ஊர் வெயிலில், காகிதத்தோடு ஒன்றிவிடும். அடியில் பென்சில் கோடு இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு வந்துவிடும். தேய்த்து முடித்தால் அக்காவின் விரல் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

அவர்களுக்கு ஒரே ஒரு குழந்தை. எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் மூடாது. என் மாடுகளுக்கெல்லாம் அது வைத்த பெயர்தான். ஒரு திருவிழாவுக்குக் கொல்லங்கோட்டில் ஸ்டுடியோக்காரர் திரை கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பாப்பாவுக்கு இரட்டைச் சடை போட்டு, சிவப்பு நாடா கட்டி, பவுடர் பூசி அங்கே கூட்டிப்போய் நிற்க வைத்தாள். எங்கிருந்து பார்த்தாரோ, மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழந்தையின் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“என்ற புள்ளையப் படம் புடிக்கறதுக்கு இவன் யாரு? நான் செத்தா போயிட்டேன்? நானே வரைவேன்.”

ஸ்டுடியோக்காரர் சிரித்துச் சமாளித்தார். “மாஷே, ஒரு போட்டோ எடுத்தா உங்க கை ஒண்ணும் தேஞ்சு போயிராதுங்க.” கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக அக்கா வீட்டில் எவ்வளவு வாங்கிக்கட்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு பாப்பா தினமும் கேட்டது. “அப்பா, இன்னைக்கு வரையறீங்ளா?” அவர் ஒரே பதில் வைத்திருந்தார். “ஆடாம உக்காரப் பழகு. அப்பறம் பாக்கலாம்.” ஒருநாள் வைக்கோல் வண்டியோடு அந்த வழியாகப் போனேன். பாப்பா கடைசிப் படியில் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மூக்கில் ஈ.

“ஏன் அம்மிணி, ஈயக்கூட ஓட்டாம உக்காந்திருக்கற?”

உதட்டை அசைக்காமல் பதில் சொன்னது. “பழகறேன் மாமா.”

அது பழகிவிட்டது. அவர்தான் வரையவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, வண்டியில் அக்காவின் மடியில் போய்விட்டது. வீட்டில் அதன் முகம் எதிலும் இல்லை. போட்டோ இல்லை, படம் இல்லை. அருவி இருந்தது, கொக்கு இருந்தது.

அக்கா கேட்க ஆரம்பித்தாள். ஒருமுறை கேட்டால் அவர் எழுந்து போவார். இரண்டாவது முறை கேட்டால் அவளைக் கேலி பேசுவார். அமோனியா விட்டு அவள் கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருக்கும்போது, வந்திருந்தவர்கள் முன்னாலேயே சொன்னார்: “அழுகறதுக்குன்னே ஒரு வேலை குடுத்திருக்கறேன் பாருங்க. இவளுக்குப் பொருத்தமா இருக்குது.” வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள்.

அக்கா எதிர்த்து நின்றது ஒரே ஒரு தடவைதான். பாலக்காட்டில் அவர் படங்களை வைத்துக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. வண்ணம் முடிந்த காகிதங்கள் ரப்பரோடு வரிசையாகக் கிடந்தன. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “பாப்பா மொகத்த வரைஞ்சு குடுங்க. அப்பறம் தேய்க்கறேன்.” அவர் தானே தேய்த்துப் பார்த்தார். முதல் காகிதத்திலேயே ஒரு கொக்கின் கழுத்து பிய்ந்துகொண்டு வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கெட்டிக் காகிதம் ஒன்றைப் பலகையில் ஒட்டி, பென்சிலை எடுத்தார்.

அதை நான் பார்த்தேன். அக்காவும் நானும் அவருடைய இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பாப்பாவைத் தெரியும். விழுந்த பல்லின் சந்து வந்தது. புருவத்தில் அம்மைத் தழும்பு வந்தது. ஒரு காதின் நுனி வெற்றிலை மடிந்த மாதிரி மடிந்திருக்கும், அதுவும் வந்தது. யோசிக்கவே இல்லை மனுசன். ஒரு தடவைகூட வரையாத குழந்தையை அத்தனை உன்னிப்பாகப் பார்த்து வைத்திருக்கிறார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பதற்குள் அவர் தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பாலில் தோய்த்து, நெற்றியிலிருந்து பாதம் வரைக்கும் பூசிவிட்டார். “மூடாம எப்படிச் சுத்தி வண்ணம் போடறது?” என்றார். வேலையின் முறையும் அதுதான். படி வந்தது, கதவு வந்தது, மாமரம் வந்தது. அதைக் காயவிட்டு, அக்கா அன்றைக்கே உட்கார்ந்து பாலக்காட்டுக்குப் போக வேண்டிய காகிதத்தையெல்லாம் தேய்த்துக் கொடுத்தாள். ஒன்றுகூடக் கிழியவில்லை.

பாலக்காட்டிலிருந்து கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தார். அக்கா படத்தைப் பலகையிலிருந்து பிரித்து அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை வாங்கிச் சுவரில் மாட்டினார்.

“இப்ப வேண்டாம். அப்பறம் பாக்கலாம்.”

“ரப்பர் ஒட்டிப்போயிருமுங்க.”

“போவட்டும். நீ தேய்ச்சா பென்சிலும் கூட வந்துரும். அந்த மொகத்த மறுபடி வரைய இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும்? இனி கையக் கட்டீட்டு உக்காருவயா?”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் அவளை அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால், அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றால், பாலை வடிகட்டத் தாமதமானால் அவர் சுவரைப் பார்ப்பார். அக்கா எழுந்து வேலையைச் செய்வாள். வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், “இன்னும் முடிக்கலீங்க, அவசரப்பட்டுப் பண்ணற வேலையில்ல” என்று பெருமையாகச் சொல்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேன். “ஏனுங் மச்சான், அதைத்தான் முடிச்சுக் குடுத்துருங்களே.”

“மாப்ளே, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எதுக்குப் போடற?”

“இல்லாட்டிப் புடிக்க முடியாதுங்களே.”

“புடிச்சு ஊட்டுக்கு வந்ததும் கழட்டி எறிஞ்சர்றயா?” என்று சிரித்துவிட்டு மலைக்குப் பச்சை கலக்கப் போய்விட்டார். மாட்டைப் பற்றிப் பேசி என்னை மடக்குகிறவர்கள் குறைவு.

ரப்பரின் நிறம் லேசாக இருந்த காலத்தில், காலை வெயில் கதவு வழியாக விழும்போது அடியில் பென்சில் முகம் மங்கலாகத் தெரியும். அக்கா அந்த நேரத்துக்கு வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டு அங்கே போய் நிற்பாள். வருசம் போகப் போகப் பால் கறுத்தது. முதலில் தழும்பு மறைந்தது. ஒரு சித்திரையில் நான் மாம்பழக் கூடையோடு போனபோது, கூடையை வாங்காமலேயே சொன்னாள்: “பல்லு தெரியலடா தம்பி.” கடைசியாகக் காது போனது. அப்புறம் வெறும் கருப்பட்டிக் கட்டிதான்.

மச்சானுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சு குழறும், ஆனால் புரியும். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டதில் ஊரில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்கு மாத்திரை, துளி நாற்றம் கிடையாது. கட்டிலை மட்டும் முன்னறைக்குக் கொண்டுவந்து அந்தப் படத்துக்கு நேராகப் போட்டாள். திருப்பிப் போடச் சொல்லி அவர் குழறுவார். “காத்து இங்கதானுங்க நல்லா வருது” என்பாள். எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லா மூலையிலும்தான் வரும்.

ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் இடக்கை விரலால் போர்வையில் என்னமோ வளைத்து வளைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் ஒரு கன்னம் மாதிரி, ஒரு காது மாதிரி இருந்தது. “மாப்ளே, பென்சில் எடு” என்றார். “மொகம்... ஞாபகம் இருக்குது. இந்தக் கையில வரைஞ்சு பாக்கறேன். அவகிட்டக் குடுத்தர்றேன்.” கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. நான் ஓடிப்போய் மேசையில் இருந்த பென்சிலையும் காகிதத்தையும் எடுத்து வந்தேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து என் கையிலிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டாள். குனிந்து அவர் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள். அசைந்துகொண்டிருந்த அந்த இடக்கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

“ஆடாம உக்காரப் பழகுங்க. அப்பறம் பாக்கலாம்.”

நான் அவள் பின்னாலேயே போனேன். “அக்கா, வரையட்டும்க்கா. கோணையா வந்தாலும் உனக்கு அது வேண்டாமா?”

பென்சிலை அடுப்பில் வைத்தாள். அது தீப்பிடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள். “எனக்கு மறந்துபோச்சுடா. எந்தக் காது மடங்கியிருந்துச்சுன்னுகூடத் தெரியல. அவுருக்குத் தெரியும். வெச்சுக்கிட்டே போகட்டும்.”

அப்படித்தான் போனார். அன்றைக்குப் பிறகும் கொஞ்ச காலம் கிடந்தார், தினமும் கேட்டார், தினமும் அதே பதில். செத்த அன்று, வெளியூர்ச் சொந்தங்களுக்காகப் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, அக்கா படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் பிடித்து இழுத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ரப்பர் உருளவில்லை. காகிதத்தோடு சேர்ந்து செதில் செதிலாகப் பெயர்ந்தது. பாப்பாவின் உடம்பு முழுக்கப் பெயர்ந்து வந்தது. அந்தக் கறுத்த துகளைத் தரையிலிருந்து ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அவள் கையை விரித்தபோது அரிசியோடு அதுவும் இருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். போட்டாள். விரலால் உள்ளே தள்ளினாள்.

படத்தை மறுபடியும் அதே ஆணியில் மாட்டியிருக்கிறாள். முற்றம் இருக்கிறது, மாமரம் இருக்கிறது, நிழல் படியில் ஏறி மடிகிறது. கடைசிப் படியில் குழந்தை அளவுக்கு ஒரு கிழிசல், அதன் வழியாகச் சுவரின் பச்சைச் சுண்ணாம்பு. அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான் போனால் என் கையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாள். “நீயும் பாத்தயல்லடா, அன்னைக்கு. எந்தக் காது?” என்கிறாள். பார்த்தேன்தான். சில நாள் வலது என்கிறேன், சில நாள் இடது என்கிறேன். நான் எதைச் சொன்னாலும் அவள் விரல் அந்தக் கிழிசலின் ஓரத்தில் அந்தப் பக்கமாகப் போய்த் தடவி, சுவரில் முட்டி நிற்கிறது.