ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்

எங்கள் வீட்டில் அமெரிக்க அரசியல் கற்றவர் ஒருவர்தான். எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் அமெரிக்கா, ஆனால் அவர் அங்கே கால் வைத்ததே இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமா. கனடாவில், மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுசின் கீழறையில் இருந்தார். அவருடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் இருக்கலாமா, திருப்பி அனுப்புவார்களா என்பது முடிவாகவில்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மீதி நேரமெல்லாம் அமெரிக்கச் செய்திதான். "கனடாச் செய்தியைப் பாத்தால் நித்திரை வருது, பிள்ளை" என்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. அரசாங்கம் எப்படி மூன்றாகப் பிரிந்திருக்கிறது என்று எழுதிவரப் பள்ளியில் சொன்னார்கள். மாமா உற்சாகமாகிவிட்டார். சட்டம் இயற்றும் காங்கிரஸ், அதை நடத்தும் ஜனாதிபதி, இரண்டு பேரையும் தட்டிக் கேட்கும் நீதிமன்றம் என்று மூன்று பெட்டிகள் கீறி, நடுவில் அம்புக்குறிகளும் போட்டுத் தந்தார்.

"ஒருத்தனிட்டை முழு அதிகாரத்தையும் குடுத்தால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. அதுக்குத்தான் உவங்கள் மூண்டாப் பிரிச்சு வச்சிருக்கிறாங்கள்."

ஆசிரியை எதிர்பார்த்ததோ கனடாவின் மூன்று அரசுகள்: நாட்டுக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. படம் அழகு, ஆனால் இது பக்கத்து வீட்டுக்காரருடையது என்று எழுதித் திருப்பித் தந்தார். மாமா அசரவில்லை. "எண்ணிக்கை சரிதானே?" என்றார்.

அந்தப் பனிக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பை எடுக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். தரிப்புகள் நெருக்கமாக இருப்பதால் பஸ் தாமதமாகிறதாம். அம்மாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அடுத்த தரிப்பு பாலத்துக்கு அப்பால். பாலத்து நடைபாதையில் பனி அள்ள யாரும் வருவதில்லை. அம்மாவோடு வேலை செய்த ஓர் அன்ரி அதில் வழுக்கி விழுந்து, கை முறிந்து, வேலையையும் விட்டிருந்தார்.

நூலகத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து யாரும் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தலின் அடியில் இருந்தது. மாமா தான் பேசப்போவதாகச் சொன்னார்.

"உனக்கேன்ரா உந்த வேலை?" என்றார் அம்மா. "முதல்லை கேஸ் முடியட்டும். பிறகு நீ ஆரோடையும் சண்டை பிடி."

"சண்டையில்லை அக்கா, கேக்கிறது. அரசியலமைப்பின்ரை முதலாம் திருத்தத்திலையே இருக்கு."

"அது எந்த நாட்டுத் திருத்தம்?"

மாமா தன்னிடமிருந்த ஒரே கொலர் சட்டையை அயன் பண்ணத் தொடங்கினார்.

கூட்டத்தில் பேசுகிறவர்கள் முதலில் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும். மாமா ஒலிவாங்கியின் முன் நின்று தன் பெயர், தகப்பன் பெயர், வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் உரத்துச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தடுமாறியபோது ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி உதவினார். அம்மா என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்தார். மாமாவின் ஆங்கிலத்துக்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அரசாங்கத்திடம் முறையிடும் உரிமையை முதலாம் திருத்தம் மக்களுக்குத் தந்திருக்கிறது என்று அவர் தொடங்கினார். நகரசபை உறுப்பினர் புன்னகையோடு, அது ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சட்டம் என்றார். அறை சிரித்தது. மாமாவும் சிரித்தார். அப்படியென்றால் இந்தப் பக்கத்தில் கேட்கக் கூடாதா என்றார். தாராளமாகக் கேட்கலாம் என்றார் உறுப்பினர். "அப்போ அந்த உரிமையைத்தான் பாவிக்கிறேன்" என்று மாமா சொல்ல, இந்த முறை அறை அவரோடு சேர்ந்து சிரித்தது. பிறகு பாலத்தைப் பற்றி, பனியைப் பற்றி, இருட்டில் நடந்து வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிச் சொன்னார். கை முறிந்த அன்ரியைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

தரிப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது. மாமாவும் இருக்கிறார், கனடாப் பிரஜையாகி, தேர்தல் தவறாமல் வாக்குப் போடுகிறார். தரிப்பைக் காப்பாற்றியது அமெரிக்க அரசியலமைப்புத்தான் என்பதில் அவருக்கு இப்போதும் சந்தேகமில்லை.

அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து திரும்பும்போது மாமா அயலவர்களோடு கதைத்துக்கொண்டு முன்னால் போனார். அம்மா வேண்டுமென்றே பின்தங்கினார்.

"பேரும் சொல்லி, வீட்டு நம்பரும் சொல்லிப்போட்டான்."

"அவையள் கேட்டவை, மாமா சொன்னவர். அதுதானம்மா ரூல்" என்றேன்.

"ஊரிலை பேர் எழுதிக்கொண்டு போனவங்கள் பிறகு ராவிலை வீட்டுக்கு வருவாங்கள், பிள்ளை."

"நல்லதுதானே அம்மா. வந்தால் கூட்டிக்கொண்டு போய்ப் பாலத்தைக் காட்டலாம்."

அம்மா நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு நல்ல யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.