பாதி திறந்த கதவு

பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கும் மெசின் திக்கித் திணறி நின்றது. மகள் ரிவியில் ஒரு பழைய பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் போட்டிருந்தாள். எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை.

முதல் பாகத்தைச் சரவணை ஊரில் சின்னம்மா வீட்டில், பட்டப்பகலில் பார்த்தோம். சண்டைக்காலம், கரண்ட் இல்லை. வீட்டுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவந்தால்தான் படம். யன்னல்களைச் சாக்கால் மூடி, ஜெனரேற்றரைத் துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகையில் கண் எரிந்தது. படத்தில் ஒரு கதவு மெல்லத் திறந்தது. பாதி திறக்கும்போது ஜெனரேற்றர் இதேபோலத் திக்கி நின்றது.

இருட்டில் சின்னம்மா கத்தினா: "ஆராவது அந்தக் கதவைச் சாத்துங்கோவன்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் முடிந்திருந்தது. மறுநாள் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கும் வேறு ஊருக்குப் போய்விட்டது. கதவுக்குப் பின்னால் நின்றது எதுவென்று இன்றுவரை நான் பார்க்கவில்லை.

இந்தப் பாகத்திலோ பேய் வந்த உடனேயே முகத்தைக் காட்டிவிட்டது. பிறகும் காட்டிக்கொண்டே இருந்தது.

"பயமா இருக்கோ அம்மா?" என்றாள் மகள்.

"இதுக்கு ஆர் பயப்படுறது? முதல் படத்துக்குக் கிட்டவும் வர ஏலாது."

"அப்ப அதின்ர முடிவைப் போடட்டே? போனிலயே கிடக்கு."

"வேண்டாம்!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எழுந்துபோய், பாதி திறந்து கிடந்த குசினிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.